அப்பாவுக்கு அவித்த முட்டை

அப்பாவின் முட்டையை நான் ஒருநாளும் தின்றதில்லை. அவர் இருந்தபோது அவரிடம் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, இப்போது ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா எஸ்டேட்டில் மிளகு பறிக்கிறவர். மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாய்த்தால் விறுவிறுவென்று உச்சிக்குப் போய்விடுவார். அந்த வருடம் பெருங்குடலில் புற்றுநோய் என்று சேலத்தில் ஆபரேஷன் செய்து, வயிற்றில் ஒரு பையை மாட்டி அனுப்பினார்கள். மலம் அந்தப் பையில்தான் இறங்கும். பையை எடுக்க இன்னொரு ஆபரேஷன் உண்டு, ஆனால் அதற்கு உடம்பில் சதை வேண்டுமாம். நர்சம்மா அப்பாவின் கெண்டைக்காலை டேப் வைத்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டார். தினம் நடக்கணும், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரணும், ரெண்டு முட்டை கட்டாயம் என்று சொல்லி அனுப்பினார்.

மலைமேல் வாழவந்தியில் இருந்த எங்கள் வீட்டுக்கு முதல் வாரம் ஆட்கள் ரொட்டியும் ஹார்லிக்ஸுமாக வந்தார்கள். பை விஷயம் தெரிந்ததும் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். என்னோடு விளையாடும் பிள்ளைகளையும் அனுப்பவில்லை. மே மாத லீவு வேறு. அம்மா விடியும்போதே முட்டையை அவித்து வைத்துவிட்டு எஸ்டேட்டில் களையெடுக்கப் போய்விடுவாள். பகல் முழுக்க நானும் அப்பாவும் மட்டும்தான். அவ்வளவு நீளமான பகல்களை நான் அப்புறம் பார்த்ததில்லை.

அந்தத் தனிமையில்தான் எனக்கு அபாரமான யோசனை ஒன்று வந்தது. சேர்வராயன் கோயில் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. வேண்டுதல் வைத்தவர்கள் கவுச்சி தொடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டேன். சாமி, அப்பாவுக்கு அந்தப் பை போகணும், திருவிழா முடிகிறவரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் முட்டை தொடமாட்டோம். அப்பாவின் வாயையும் சேர்த்து நானே கட்டிவிட்டேன். பெரிய மனுஷி பாருங்கள்! அன்றிலிருந்து இரண்டு முட்டையும் காப்பிச் செடிகளுக்குள் சுற்றும் நாய்க்குப் போயிற்று, அப்பாவுக்கு வெறும் கஞ்சி. வெளியே சொன்னால் பலிக்காது என்று மூச்சுவிடவில்லை.

முதல் நாள் சாயங்காலம் அம்மா வந்ததும், "ஏனுங்க, முட்டை தின்னீங்களா?" என்று கேட்டாள். எனக்கு உயிரே போயிற்று. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆச்சு," என்றார்.

அடடா, சாமியே அப்பாவின் நாக்கில் வந்து உட்கார்ந்துவிட்டார் என்று எனக்குப் புல்லரித்துப் போயிற்று. தினமும் அதே கேள்வி, அதே பதில். ஆனால் நான் முட்டைக் கிண்ணத்தோடு பின்பக்கம் போகும்போதெல்லாம் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். இவருக்குக்கூட என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்று அழுகையாக வரும்.

நாற்காலியிலிருந்து எழுவதை எண்ணுவது என் வேலை. ஆறு தடவை எழுந்தவருக்கு அது நாலாயிற்று. கடைசியில் மூன்றாவது தடவையிலேயே கட்டிலைப் பிடித்துக்கொண்டார். பயமாகத்தான் இருந்தது. இன்னும் நாலு நாள்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திருவிழா முடிந்ததும் சேலத்துக்குப் போனோம். நர்சம்மா டேப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை சுற்றினார். கால் முன்னைவிட இளைத்திருந்தது. இந்த உடம்பு தாங்காது, மழைக்காலம் கழியட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். (தை மாதம் ஆபரேஷன் நடந்து பை போயிற்று. அப்பா மறுபடி ஏணி ஏறவில்லை.) சொன்னதையெல்லாம் கொடுக்கிறீர்களா என்று டாக்டர் அம்மாவைக் கேட்டார்.

"தினம் ரெண்டு முட்டைங்க, நானே அவிச்சு வெச்சுட்டுப் போறனுங்க," என்று அம்மா அழுதேவிட்டாள்.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "அவ மேல தப்பில்லீங்க. நாந்தான் திங்காம புள்ளைக்குக் குடுத்துட்டனுங்க."

பஸ்ஸில் அம்மா எங்களைவிட்டுத் தள்ளி முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அப்பா என் காதருகே குனிந்தார். "பயப்படாத சாமி, நீயா எடுத்துத் தின்னதைச் சொல்லமாட்டேன். வளர்ற புள்ள, திங்கட்டும்னுதான் உட்டேன்."

நான் வெடுக்கென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்படி ஒரு கோபம் எனக்கு. நாக்கைக் கட்டி விரதம் இருந்தவள் நான், என்னைப் போய் முட்டை தின்றவள் ஆக்கிவிட்டாரே! நான் கூச்சப்படாமல் வயிறாரத் தின்னட்டும் என்றுதான் அந்த மனுஷன் தினமும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார் என்பது, பஸ் மலை ஏறி முடிக்கிறவரைக்கும் எனக்கு உறைக்கவேயில்லை.