விடைக்குறிப்பில் இல்லாத தண்ணீர்

ஷார்ஜாவில் எங்கள் வீட்டில், துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு நாற்காலி போடும் அளவுக்கு இடம் இருக்கிறது. அதுதான் என் பள்ளிக்கூடம். ஆன்லைன் பள்ளி ஒன்றில் நான் சமூக அறிவியல் டீச்சர். முன்னால் லேப்டாப், பின்னால் பள்ளி அனுப்பிவைத்த நீலத் திரை. வகுப்பு நேரத்தில் சமையலறையில் கடுகு வெடிக்கும் சத்தம்கூடக் கேட்கக் கூடாது என்பதால் என் கணவர் காலையிலேயே தாளித்து முடித்துவிட்டு, திருடனைப் போல நடமாடிக்கொண்டிருப்பார்.

நான் நடத்தும் பாடம் என்னுடையது இல்லை. ஒவ்வொரு பக்கமும் அரசின் அனுமதி பெற்று வரும். கீழ் மூலையில் அனுமதி எண் இருக்கும். எண் இல்லாத படத்தையோ உதாரணத்தையோ காட்டக் கூடாது, வாயால் சொல்லவும் கூடாது. வகுப்பு முழுக்கப் பதிவாகும். ஒருமுறை பாலைவனம் பற்றிய பாடத்தில், எங்கள் ஜன்னல் ஓரத்தில் படிந்திருந்த மணலை விரலால் தொட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மறுநாளே பள்ளியிலிருந்து விளக்கம் கேட்டு மெயில். மணலுக்கு அனுமதி வாங்கவில்லையாம்! வந்த ஆத்திரத்துக்கு அந்த லேப்டாப்பை மணலிலேயே புதைத்திருப்பேன். ஆனால் கணவருக்கு வேலை போன பிறகு வீட்டில் எல்லோருடைய விசாவும் என் வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. இனி நடக்காது என்று பணிவாகப் பதில் போட்டேன்.

என் ஏழாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அப்பாவுக்குச் சவுதியின் தம்மாமிலிருந்து குவைத்துக்கு வேலை மாறி, அப்பாசியாவில் வீடு எடுத்திருந்தார்கள். நடு வருடம் என்பதால் அங்கே எந்தப் பள்ளியிலும் சீட் கிடைக்கவில்லை. எங்கள் ஆன்லைன் பள்ளியில் இந்த வருடம் தேறிவிட்டால் எட்டாம் வகுப்பில் சேர்த்துக்கொள்கிறோம் என்று அங்கே ஒரு பள்ளி சொல்லியிருந்தது. தேறாவிட்டால் அம்மாவும் பெண்ணும் ஊருக்கு, அப்பா பேச்சிலர் ரூமுக்கு. வளைகுடாவில் ஒரு குடும்பம் பிரிய இதற்குமேல் காரணம் வேண்டியதில்லை.

ஆண்டுத் தேர்வில், பாதி மதிப்பெண்ணாவது வாங்காமல் தேற முடியாத ஒரு பெரிய கேள்வி: ஓர் ஊருக்குத் தண்ணீர் எப்படிக் கிடைக்கிறது, எதற்கெல்லாம் தேவைப்படுகிறது? அவள் எழுதிய விடை முழுவதையும் மென்பொருள் சிவப்பாக்கிக் காட்டியது. முந்தைய வருடங்களில் வேறு சில பிள்ளைகளும் எழுத்துப் பிசகாமல் இதையே எழுதியிருந்தார்களாம். அதனால் காப்பி. நான் அந்த விடையைத் திறந்தேன். "நீர் இயற்கை நமக்கு அளித்த விலைமதிப்பற்ற கொடை" என்று ஆங்கிலத்தில் தொடங்கியது. அடுத்த வரியைப் பார்க்காமலே என்னால் சொல்ல முடிந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கைடு அது! நானும் ஏழாம் வகுப்பில் அதைத்தான் உருப்போட்டேன். லீவுக்குப் போகிறவர்கள் பெட்டியில் இட்லிப் பொடிக்கும் முறுக்குக்கும் நடுவே இன்னமும் அதை வைத்துக் கொண்டுவருகிறார்கள்.

அன்று மாலையே அவள் அம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார். பெற்றோருடன் தனியாகப் பேசக் கூடாது என்பது விதி. எடுத்துவிட்டேன்.

"மிஸ், சத்தியமா அவ பாத்து எழுதல. நான்தான் கைடைக் கையில வெச்சிக்கிட்டு ஒப்பிக்கச் சொல்லிக் கேப்பேன். ஒரு வார்த்தை வுட்டாக்கூட மறுபடி மொதல்லேர்ந்து சொல்லச் சொல்லுவேன். அவ்ளோ கஷ்டப்பட்டுப் படிச்சா மிஸ்."

எனக்கு இது தெரியும். ஆனால் என் திரையில் 'காப்பி: ஆம், இல்லை' என்று இரண்டு பொத்தான்கள்தான் இருந்தன. 'இல்லை' என்பதை அழுத்தினேன். அதனால் விசாரணை வந்தது.

விசாரணையை நடத்தியவர் ஓர் அரபுப் பெண்மணி. நான் பார்க்கலாம், பேச முடியாது. என் மைக்கை அவர்களே அடைத்திருந்தார்கள். சிறுமி கேமரா முன்னால் தலையை இழுத்து வாரிக்கொண்டு, பொட்டு வைத்து, கோயிலுக்குக் கிளம்பியவளைப் போல உட்கார்ந்திருந்தாள். "ஐ டிட் நாட் காப்பி மேம்" என்றாள். அந்த அம்மாள் அவளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொன்னார். அவள் மூடினாள். கொடையில் தொடங்கி, கிணறு, ஏரி, வாய்க்கால், நெல் வயல் என்று அவள் கண்ணால் பார்த்திராத அத்தனையையும் கடைசிக் கமா வரை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

"மாஷா அல்லாஹ்" என்றார் அந்த அம்மாள். அவருடைய முகமே இளகிவிட்டது. அரபுகளிடமும் மனப்பாடம் என்றால் மரியாதைதான். காப்பி அல்ல என்று அவரே அறிவித்தார். நான் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டேன்.

பிறகு, பாராட்டும் குரலில்தான், எந்தப் புத்தகத்தில் படித்தாய் என்று கேட்டார்.

குழந்தை துள்ளி எழுந்து ஓடினாள். கைடை எடுத்துவந்து, அட்டை நன்றாகத் தெரியும்படி கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். வேண்டாம், கீழே போடு என்று அடைத்த மைக்கிடம் நான் கத்தினேன். அந்த அம்மாள் அனுமதி எண்ணைத் தேடினார், இல்லை. அவருக்கே வருத்தமாகத்தான் இருந்தது. "கலாஸ், ஹபீப்தி" என்றார், போதும் கண்ணே என்று. வெளிப் புத்தகத்தைப் பயன்படுத்தியதால் அந்த விடை செல்லாது. அதே கேள்விக்கு, சொந்த வார்த்தைகளில் மறுதேர்வு.

மறுதேர்வுக்கு நான்தான் கண்காணிப்பாளர். அவள் கேள்வியை இரண்டு முறை வாயசைத்துப் படித்தாள். பிறகு கேமராவைப் பார்த்துக் கேட்டாள்.

"மிஸ், ஓன் வேர்ட்ஸ்னா எந்த புக்ல மிஸ் இருக்கு?"

பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்திருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்? நானும் அதே கைடில் படித்து வந்தவள்தானே. அவள் நகத்தைக் கடித்தாள், பக்கவாட்டில் குளியலறைக் கதவைப் பார்த்தாள், பிறகு தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். தப்பும் தவறுமான ஆங்கிலத்தில் அவள் எழுதியது இதுதான்:

"எங்கள் பில்டிங்கில் தண்ணீர் மொட்டைமாடி டேங்கிலிருந்து வருகிறது. கோடையில் பைப்பைத் திறந்தால் கை சுட்டுவிடும். அதனால் அம்மா ஹீட்டரை அணைத்துவிடுவாள். ஹீட்டர் வீட்டுக்குள் இருப்பதால் அதற்குள் இருக்கும் தண்ணீர் மெதுவாக ஆறிவிடும். கோடையில் எங்கள் வீட்டில் சுடுதண்ணீர் பைப்பில்தான் பச்சைத் தண்ணீர் வரும். அப்பா வெயிலிலிருந்து வந்து குளிக்கும்வரை நானும் அம்மாவும் அதைத் தொட மாட்டோம்."

என் வீட்டிலும் பல வருடங்களாக இப்படித்தான் ஹீட்டரை அணைத்து வைக்கிறோம். அதை எழுதலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நீலத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். கேமரா பதிவுசெய்தால் செய்யட்டும் என்று இருந்தது.

திருத்தவேண்டியதும் நான்தான். அனுமதி பெற்ற விடைக்குறிப்பில் மழை, நிலத்தடி நீர், கடல்நீரைக் குடிநீராக்குதல், விவசாயம், தொழிற்சாலை, வீட்டு உபயோகம் என்று கட்டங்கள் இருந்தன. விடையில் இருப்பதை டிக் செய்ய வேண்டும். நான் முழு மதிப்பெண் போட்டேன். எந்தக் குறிப்பின்படி என்று மென்பொருள் எண் கேட்டது. ஒரு மதிப்பெண் குறைத்துப் போட்டுப் பார்த்தேன், மறுபடி எண் கேட்டது. அப்பாவுக்காக எடுத்துவைக்கும் தண்ணீருக்கு எங்கே போய் எண் வாங்குவது? கடைசியில் 'வீட்டு உபயோகம்' என்ற ஒரு கட்டத்தை மட்டும் டிக் செய்தேன். உடனே ஏற்றுக்கொண்டு, ஆறுக்கு ஒன்று என்று காட்டியது.

முடிவு வெளியாகும் முன்பே அவள் அம்மா மறுபடி கூப்பிட்டார்.

"மிஸ், இந்தத் தடவ கைடைத் தொடவே இல்ல. எல்லாம் அவளா யோசிச்சு எழுதினாளாம். எப்பிடி மிஸ் எழுதியிருக்கா?"

"ரொம்ப நல்லா எழுதியிருக்காம்மா" என்றேன். என் வேலையில் நான் சொன்ன மிக உண்மையான வார்த்தை அதுதான்.

அந்தப் பக்கம் அவர் சிரித்தார். "இவங்க அப்பா பயந்துக்கிட்டு எங்க ரெண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட் போட்டு வெச்சிருக்காரு மிஸ். கேன்சல் பண்ணச் சொல்லிடவா?"

"வேண்டாம்மா" என்றேன்.