சூசைமரியான் கண்டெடுத்த பன்றிக்காரன்

கரமனைப் பாலத்துக்கு அப்புறம் வாடகை வீட்டில் குடியிருக்கும் சூசைமரியானுக்கு அறுபத்திரண்டு வயது. போலந்தை அவர் பார்த்ததில்லை. ஆனால் அந்நாட்டுத் தெற்கு மூலையிலுள்ள ஏழெட்டுக் கிராமங்களில், நூற்றெண்பது வருடங்களுக்கு முன்னால் யார் யாருக்குக் கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பிறந்தது என்று கேட்டால், வீட்டு எண்ணோடு சொல்லிவிடுவார்.

அங்கே மாதா கோயில் பதிவேடுகளை லத்தீனில் எழுதி வைத்திருந்தார்கள். லத்தீன், பாதிரியாகப் படிக்கப் போன குருமடம் அவருக்குத் தந்த சொத்து. குருமடம் தந்தது அது ஒன்றுதான். ஆயர் வந்திருந்த அன்று, சாப்பாட்டு ஜெபத்தில் அதிபர் சொன்ன லத்தீன் தப்பு என்று மேஜையிலேயே திருத்தினார். அடுத்த வாரம் டிரங்குப் பெட்டியோடு வெளியே நின்றார். பிறகு ஓர் அச்சகத்தில் இருபத்தேழு வருடம் பிழை திருத்தினார். ராஜபாயைக் கட்டினார். அவள் சி.எஸ்.ஐ. என்ற புராட்டஸ்டன்ட் சபைக்காரி. கத்தோலிக்கரைப் பற்றி அவள் சந்தேகப்பட்டதையெல்லாம் அவரே உறுதிப்படுத்தியதில் அவளுக்குப் பரம திருப்தி.

அச்சகம் மூடிய பிறகு, கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனி லத்தீன் தெரிந்த ஆள் தேடியது. அமெரிக்காவில் இருக்கும் போலந்து வம்சாவளிக்காரர்களுக்கு முப்பாட்டன்களைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். வந்தவர்கள் மூன்று பேர். மற்ற இருவரும் ஓய்வுபெற்ற பாதிரிகள், இருவருக்கும் கண்புரை. வேலை இவருக்குக் கிடைத்தது.

போன வருடம் சிகாகோவிலிருந்து கென்னத் பாவ்லிக் என்பவரின் கோப்பு வந்தது. தங்கள் மூதாதை யாக்குப் ஒரு பிரபுவின் மாளிகையில் பிறந்தவர் என்பது குடும்பக் கதை. கென்னத் அதை நம்பித் தன் பிளம்பிங் கம்பெனி வேன்களில் கிரீடம் வரைந்திருந்தார்.

சூசைமரியான் மூன்று வாரம் தேடி யாக்குப்பைப் பிடித்தார். மாளிகையில் பிறந்தது நிஜம். தாய் அங்கே வேலைக்காரி. முறைப்படி பிறக்காத பிள்ளைகளுக்கான கட்டத்தில் அடையாளமாக ஒரு கோடு. தகப்பன் பெயர் எழுத வேண்டிய இடம் காலி. ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன் கல்லறைக் குழிவெட்டி. இருபத்துநான்கு வருடம் கழித்துக் கல்யாணப் பதிவில் யாக்குப்பின் தொழில்: மாளிகையில் பன்றி மேய்ப்பவர். அப்படியே எழுதி மேற்பார்வைக்கு அனுப்பினார்.

மேற்பார்வை பார்க்கும் லிபி அவருடைய நாற்காலிக்கு அருகே வந்து நின்றாள்.

“சாரே, பன்னின்னு எழுதணுமா? கால்நடைத் துறைன்னு போட்டா போராதா?”

“அது கவர்மென்ட் ஆபீஸ் போல இருக்கும் பிள்ளே.”

“அம்மை மாளிகையில வேலை செஞ்சாங்க. அப்பன் ஆருன்னு தெரியல்ல. அப்ப பிரபுவாயிட்டு இருக்கலாமே. ‘இருக்கலாம்’னு மட்டும் ஒரு வரி எழுதுங்க. கிளைன்டுக்கு சந்தோஷமாவும்.”

“அந்த மாளிகையில வண்டிக்காரன் உண்டு, தோட்டக்காரன் உண்டு, சமையக்காரன் உண்டு. எல்லாருக்க பேரையும் எழுதட்டா?”

லிபி பெருமூச்சு விட்டுப் போனாள். அறிக்கை போன மறுநாளே புகார் வந்தது. காலை ஏழரைக்கு வீடியோவில் வந்து விளக்கம் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. சூசைமரியான் கல்யாணச் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கீழே கைலி. கேமராவில் படாமல் ராஜபாய் சுவரோரம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கென்னத் சிவந்து போயிருந்தார். பக்கத்தில் அவருடைய தாய் டோரத்தி, எண்பத்தொன்பது வயது, தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

“லத்தீனைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்” என்றார் கென்னத் ஆங்கிலத்தில்.

“ஒரே ஒரு தடவை லத்தீனைச் சரியாகப் படித்துத்தான் குருமடத்திலிருந்து வெளியே வந்தேன்” என்றார் சூசைமரியான். “இதுவும் சரிதான், சார். பன்றிதான்.”

கென்னத் வாய் திறக்குமுன் டோரத்தி கேட்டாள்: “எத்தனை பன்றி?”

“பதிவில் இல்லை, அம்மா.”

அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு இருமலாகி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரிப்பானது. கல்யாணமாகி வந்த நாள் முதல், மாமியார் தன்னை உருளைக்கிழங்கு விவசாயி மகள் என்றே அழைத்தாளாம். பிரபு வீட்டுக் கரண்டி என்று சொல்லி ஒரு டஜன் வெள்ளிக் கரண்டியை முப்பத்தொரு வருடம் தேய்க்க வைத்தாளாம். “அந்தப் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து அனுப்புங்கள். சட்டம் போட்டு அவள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டப் போகிறேன்” என்றாள். கென்னத் எழுந்து போய்விட்டார்.

திரை அணைந்ததும் ராஜபாய், “அந்தக் கிழவிய எனக்கு நல்லா பிடிச்சிருக்கு கேட்டியளா” என்றாள்.

சூசைமரியானுக்கும் பிடித்திருந்தது. அச்சகத்தில் அவர் திருத்திய எதற்கும் ஒருவர்கூட இப்படிச் சிரித்ததில்லை. அன்று பஸ்ஸில் அவர் தனக்குத்தானே இரண்டு தடவை சிரித்ததைக் கண்டக்டர் சந்தேகமாகப் பார்த்தார்.

ஒரு மாதம் கழித்து டோரத்தி தன் பிறந்த வீட்டு வழியையும் தேடச் சொன்னாள். அவளுடைய முப்பாட்டியின் தாய், ஒரு பங்குச் சாமியாரின், அதாவது கோயில் பாதிரியின், வீட்டில் சமையற்காரி. ஐந்து பிள்ளைகள். ஐந்துக்கும் தகப்பன் கட்டம் காலி. ஐந்துக்கும் ஞானஸ்நானம் கொடுத்தவர் அதே சாமியார். மற்றவர்களுடைய பதிவுகளைக் கிறுக்கலாக எழுதுகிறவர், இந்த ஐந்தையும் அழகாக, நிறுத்தி எழுதியிருந்தார்.

லிபி படித்துவிட்டு, “சாரே, இது எப்படி எழுதப் போறீங்க?” என்றாள்.

“உள்ளது உள்ளபடி. மிச்சத்தை அந்தம்மாளே வாசிச்சுக்கிடுவாங்க” என்று தட்டச்சு செய்யத் தொடங்கினார் சூசைமரியான்.