சிவப்புக் கோட்டுக்கு அடியில்

பிரேக் வாத்தியார் என்று சொன்னால்தான் எங்கள் தெருவில் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். பயிற்சி வண்டியில் "பிரேக்! பிரேக்!" என்று கத்திக் கத்திப் பழகி, கடை வரிசையில் யாராவது பின்னால் வந்து இடித்தாலும் அதே வார்த்தைதான் வாயில் வரும். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மனுஷன், கட்டிய மனைவிக்கு மட்டும் கற்றுக்கொடுக்கவில்லை. "உனக்கு அது வராது" என்பார். ஏன் வராது என்று அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

கேட்கவில்லையே தவிர, ஓட்டிப் பார்த்துவிட்டாள். சொந்தக் கார் வாங்கிய புதிதில், அவர் வேலைக்குப் போயிருந்த ஒரு காலை நேரம், தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு தெருக்கோடி வரை போய் வந்தாள். எல்லாம் ஜோராகத்தான் இருந்தது. வீட்டு கேட்டுக்குள் நுழையும்போது மட்டும் தூண் கொஞ்சம் கிட்டே வந்துவிட்டது. இடது கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல்.

தம்பி போர்டு எழுதும் பெயின்டர். அக்கா அழுவதைப் பார்க்கச் சகிக்காமல் கீறலை அடைத்து, அதன் மேல் சிவப்பில் ஒரு கோடு இழுத்தான். ஒரு கதவில் மட்டும் கோடு இருந்தால் சந்தேகம் வருமே என்று, முன்விளக்கிலிருந்து பின்விளக்கு வரை இரண்டு பக்கமும் இழுத்துவிட்டான். சாயங்காலம் வந்த வாத்தியார் தன் வெள்ளைக் காரைப் பார்த்து வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

"சும்மா அழகுக்குப் போட்டேன் மாமா" என்றான் தம்பி.

அதோடு அவன் அந்த வீட்டுப் பக்கம் வருவது நின்றுபோனது. தனக்காக அவன் வாங்கிக் கட்டிக்கொண்டானே என்று அவள் உள்ளுக்குள் குமைந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பதை ஆயுசுக்கும் கேட்டாக வேண்டும்.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன மாதம் ஓட்டக் கற்க வந்த ஒரு பெண், "சார், உங்க கார் என்ன மிட்டாய் டப்பாவா?" என்று கேட்டுவிட்டாள். வாத்தியாருக்குச் சுருக்கென்றது. "பெயின்ட்டுக்கு ஒரு சேதமும் இல்லாம அந்தக் கோட்டை எடுக்கறேன் பார்" என்று சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினார்.

காரைக் கழுவினார். டிக்கி மூடியின் உட்பக்கம், யார் கண்ணிலும் படாத மூலையில், துணியில் டர்பன்டைனைத் தொட்டுத் தேய்த்து, வெள்ளைக்கு ஆபத்தில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு வலது பக்கம். ஊறவிடுவதும், பழைய பிளாஸ்டிக் கார்டால் பூப்போல வழிப்பதும், பாலிஷ் போட்டுத் துடைப்பதுமாக விரல் நீளம் விரல் நீளமாக நகர்ந்தார். கோடு போன இடத்தில் வெள்ளை புதுசாக இருந்தது, சுற்றிலும் வெயிலில் மங்கியிருந்தது. அதையும் பாலிஷ் போட்டுப் போட்டு ஒன்றாக்கினார்.

அடுத்தது இடது கதவு என்பது மனைவிக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துக்கொண்டு போனாள்.

"இதால ஒரு இழு இழுத்தா சீக்கிரம் போயிடுமேங்க?"

"அறிவிருக்கா? கோட்டோட பெயின்ட்டும் சேர்ந்து போயிடும்."

அவளுக்கு வேண்டியதும் அதுதான். மறுநாள் பெயின்ட்டையே கரைத்துவிடும் தின்னர் பாட்டிலை நீட்டினாள். அதற்கும் மசியவில்லை. இவ்வளவு பொறுமைசாலியைக் கட்டிக்கொண்டோமே என்று முதல்முறையாக நொந்துகொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இடது கதவுக்கு வந்தார். அவள் சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். திடீரென்று தேய்க்கும் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. சரி, எல்லாம் தெரிந்துவிட்டது, தம்பியிடம் சண்டைக்குத்தான் போகிறார் என்று நினைத்தாள்.

தம்பியிடம்தான் போனார், சண்டைக்கில்லை. கோட்டோடு அடைப்பும் பெயர்ந்து கீறல் தெரிந்ததும், அது தன் கை செய்த வேலை என்றே முடிவு கட்டிவிட்டார். அவரைத் தவிர வேறு யார் அந்தக் கதவைத் தேய்த்தார்கள்?

"மாப்ள, அழுத்தித் தேச்சுட்டேன் போல. பழையபடி கோடு போட்டு மறைச்சுடு. உன் அக்காகிட்ட மூச்சு விடாதே."

"என்ன மாமா, இப்படியா தேய்ப்பாங்க?" என்று தம்பி அவரைக் கடிந்துகொண்டான். அத்தனை வருஷப் பாக்கியை அந்த ஒரு கேள்வியில் தீர்த்துக்கொண்டான். பிறகு இரண்டு பக்கமும் கோடு இழுத்தான்.

சாயங்காலம் இருவரும் ஒன்றாக வந்து இறங்கினார்கள். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் வாத்தியாரால் மறைக்க முடியவில்லை. "நானே என் வண்டியக் கெடுத்துட்டேன்" என்று வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். அவளுக்கும் அதைத் தாங்க முடியவில்லை.

"அது நீங்க பண்ணதில்லீங்க. புதுசுல நான் ஓட்டிட்டுப் போய்த் தூண்ல இடிச்சது. அதை மறைக்கத்தான் இவன் கோடு போட்டான்."

அவர் கண் கலங்க அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவ்வளவு கனிவாக அவர் பேசியதே இல்லை.

"என் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு உன் தலையில போட்டுக்கறியா? உனக்கு ஸ்டார்ட் பண்ணக்கூடத் தெரியாதேம்மா."

"நிஜம்தான் மாமா" என்றான் தம்பி.

"நீயும் ஒத்து ஊதாதே மாப்ள."

தெரிந்துவிடுமோ என்று இத்தனை வருஷம் நடுங்கியவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கையை விடுவித்துக்கொண்டு அவர் முன்னால் நீட்டினாள்.

"சாவியக் குடுங்க. இன்னொரு தடவை இடிச்சுக் காட்டறேன்."