முதல் கேட்பு

அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எனக்கு எடைமேடை வேலை. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி வரும்போது ஓர் எடை, கொட்டிவிட்டுத் திரும்பும்போது ஓர் எடை. இரண்டுக்கும் நடுவில் நடக்கும் தில்லுமுல்லுகளைக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். வரும்போது கிளீனர் சீட்டுக்கு அடியில் படுத்திருப்பான், போகும்போது இருக்க மாட்டான். வரும்போது தண்ணீர் டிரம் ததும்பும், போகும்போது காலி. இந்த வேலையில் நல்லவனாக இருக்கலாம், யாரையும் நம்புகிறவனாக இருக்க முடியாது. பால் பாக்கெட்டைக்கூட நான் கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறேன் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

இப்படிப்பட்டவனுக்கு ஹெவி மெட்டல் இசைப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எனக்கே தெரியாது. பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் சல்லடை போட்டுத் தேடியதில் என்னைப் போல் இன்னும் மூன்று பேர் கிடைத்தார்கள். குன்னத்தில் செல்போன் கடை வைத்திருக்கும் ஒருவர். அரியலூரில் ஒரு தனியார் பள்ளியில் இயற்பியல் எடுக்கும் டீச்சர். பெரம்பலூரில் சவுண்ட் சர்வீஸ் நடத்தும் அண்ணன். அண்ணன் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். பகலில் கோயில் விசேஷங்களுக்கு அம்மன் பாட்டு போடுவார். ஓய்ந்த நேரத்தில் அதே ஸ்பீக்கர் பாக்ஸில் கிதார் அலறும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. நாங்கள் கொண்டாடும் வெளிநாட்டுக் குழு புது ஆல்பம் போட்டால் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. அடுத்த ஞாயிறு அண்ணனுடைய குடோனில் நால்வரும் கூடி, பெரிய பாக்ஸில், முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் கேட்க வேண்டும். இதற்கு முதல் கேட்பு என்று பெயர். பாட்டு ஓடும்போது இருமினால்கூட அண்ணன் முறைப்பார். முடிந்ததும் ஆளுக்கு ஆள் தீர்ப்பு. அண்ணன் கடைசியில் பேசுவார். அவர் பேசிய பிறகு எதிர்ப்பேச்சு கிடையாது.

போன வருஷம் அந்தக் குழு ஒரு புது ஆல்பம் அறிவித்தது. அதில் பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள் எல்லோரும் தாத்தா வயதை எட்டிவிட்டவர்கள். சும்மா பத்துப் பாட்டு போட்டுவிட்டுப் போகக் கூடாதா? இல்லை. ஆல்பம் முழுக்க ஒரே கதையாம். ஒரு மீனவ ஊரை விட்டு ஒரே இரவில் கடல் போய்விடுகிறது. ஊர்ச்சனம் அதைத் தேடி நடக்கிறது. இதற்கு அறுபது பேர் சேர்ந்திசை, வயலின், தாரை தப்பட்டை எல்லாம்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் சண்டை தொடங்கியது. "இது நம்ம ஊரு கதைங்க. இங்கயும் கடல் இருந்துச்சு, போயிடுச்சு. சுரங்கத்துல தோண்டுனா சங்கு கெடைக்குதுல்ல" என்றார் குன்னத்துக்காரர், அவரிடம் கேட்டுத்தான் கதை எழுதினார்கள் என்பது போல. வயசானால் எல்லோரும் புராணம் பாட வந்துவிடுகிறார்கள் என்று டீச்சர் எழுதினார். என் சந்தேகம் வேறு. முன்னோட்டமாக வந்த துண்டில் பாடகர் உச்சத்துக்குப் போய்க் கத்துகிறார். அந்த வயதில் தொண்டை அப்படி ஏறாது. அது கம்ப்யூட்டர் குரல் என்று அடித்துச் சொன்னேன்.

அண்ணன் மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். பழைய ஆல்பம் ஒன்றில் டிரம் தோல் தொய்ந்திருக்கிறது என்று மணிக்கணக்கில் வாய்ஸ் மெசேஜ் போட்ட மனிதர். இப்போது நாங்கள் அடித்துக்கொள்வதற்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம் போட்டுவிட்டுப் போனார்.

ஆல்பம் வெள்ளிக்கிழமை வெளியானது. சனிக்கிழமை சாயங்காலம் குன்னத்துக்காரர் எனக்குப் போன் செய்தார்.

"சார், நம்ம அண்ணன திருச்சி பஸ்ல பாத்தேன். காதுல ஏதோ மாட்டியிருந்தாரு. என்னயப் பாத்ததும் பட்டுனு கழட்டி ஒரு வெள்ள டப்பால போட்டு பையில வெச்சுக்கிட்டாரு."

"இயர்போனா?"

"வேற என்ன? காஸ்ட்லி ஐட்டமாத்தான் இருக்கும். வயரே இல்ல."

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணன் ஆல்பத்தைத் திருட்டுத்தனமாகக் கேட்டுவிட்டார். வழக்கத்தை உண்டாக்கியவரே உடைத்துவிட்டார். கோபம் வந்தது. அதைவிட, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்ற அரிப்பு வந்தது.

அதற்கு ஒரு வழியும் கிடைத்தது. கேட்கத்தான் கூடாது, விமர்சனம் படிக்கலாம். படித்ததில் ஒரு தகவல் இருந்தது. பெரிய இரைச்சலோடு ஒரு பாட்டு முடிந்ததும் ஆல்பம் தீர்ந்துவிட்டது போலிருக்கும். கொஞ்ச நேரம் மௌனம். அதற்குப் பிறகு மிக மெல்லியதாக ஒரு பாட்டு வரும். தெரியாதவன் அந்த மௌனத்தில் எழுந்துவிடுவான். தெரிந்தவன் உட்கார்ந்திருப்பான். அண்ணன் உட்கார்ந்திருந்தால் சோலி முடிந்தது. இதை நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிறு மதியம் கூடினோம். பக்கத்து குடோனில் வெங்காய மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள். குன்னத்துக்காரர் தன் போனை சவுண்ட் மிக்சரில் மாட்டினார். அண்ணன் எங்களுக்கு முதுகைக் காட்டி ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கையைப் பாக்ஸ் மேல் வைத்துக்கொண்டார். கண் முழுக்க, சத்தத்துக்கு ஏற்ப மிக்சரில் ஏறி இறங்கும் பச்சை விளக்குகள் மேல். எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சம், குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

ஆல்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நன்றாகத்தான் இருந்தது, சொல்ல எரிச்சலாக இருந்தாலும். கடல் போன இரவில் டிரம்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகும் இடத்தில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நடுவில் இழுவை. சேர்ந்திசை கொஞ்சம் கல்யாண மண்டபத்தனம். கடைசியில் ஊர்ச்சனம் தங்களுக்குள் வெட்டிக்கொள்ளும் சண்டைப் பாட்டு குடோன் தகரத்தை அதிர வைத்துவிட்டு நின்றது.

மௌனம்.

அண்ணன் எழுந்தார்.

அப்பாடா என்றிருந்தது எனக்கு. மனிதர் சுத்தம். அவரைச் சந்தேகப்பட்டதற்கு மனசுக்குள் நானே என்னைத் திட்டிக்கொண்டேன். அதற்குள் பாட்டு தொடங்கியது. துணைக்கு ஒரு வாத்தியம் கிடையாது. அந்தக் கிழப் பாடகர் மட்டும் பாடினார். குரல் கீறியிருந்தது, மூச்சு இடையில் வாங்கியது. கம்ப்யூட்டருக்கு இப்படியெல்லாம் மூச்சு வாங்காது. பாதி எழுந்த டீச்சரும் குன்னத்துக்காரரும் திரும்ப உட்கார்ந்தார்கள்.

அண்ணன் உட்காரவில்லை. கீழே கிடந்த மைக் வயரை எடுத்து முழங்கைக்கும் உள்ளங்கைக்குமாகச் சுற்றத் தொடங்கினார். எங்கள் பக்கம் திரும்பாமலே, பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, "டீ சொல்லட்டா?" என்று உரக்கக் கேட்டார்.

பஸ்ஸில் அவர் காதில் இருந்தது இயர்போன் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குன்னத்துக்காரர் "அண்ணே, பாட்டு…" என்று ஆரம்பிக்க, டீச்சர் அவர் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அண்ணன் வயரை ஆணியில் மாட்டிவிட்டு வந்து ஆம்பை அணைத்தார். கிழவர் குரல் பாதிச் சொல்லில் அறுந்தது.

"சொல்லுங்க. யாரு மொதல்ல?"

நாங்கள் பேசினோம். என்ன பேசினோம் என்று நினைவில்லை. அண்ணன் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தீர்ப்பைச் சொன்னார்.

"எல்லாம் சரி. முடிக்கத் தெரியல. வெட்டு குத்தோட வுட்டுட்டானுவ. கடலத் தேடிப் போன சனம் என்னா ஆச்சுன்னு சொல்ல வேணாமா?"

அவர் பேசிய பிறகு எதிர்ப்பேச்சு கிடையாது.

மற்ற இருவரும் பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். "நீ இரு" என்று அண்ணன் என்னை நிறுத்தினார். அவர்கள் தெருமுனை தாண்டும்வரை பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நான் ஆஃப் பண்றப்ப பச்ச லைட்டு ஆடிக்கிட்டு இருந்துச்சு. பாட்டு ஓடுச்சா?"

"இல்லண்ணே. முடிஞ்சிருச்சு. கரண்டு ஏத்த எறக்கமா இருக்கும்."

ஒரு கிலோ கூடினாலும் லாரியைத் திருப்பி அனுப்புகிறவன் நான். அந்தப் பொய் எப்படி அவ்வளவு சரளமாக வந்ததோ. அண்ணன் சட்டைப் பையிலிருந்து வெள்ளை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே தோல் நிறத்தில், அவரைக்கொட்டை போல, காது மெஷின்.

"நேத்து திருச்சியில வாங்குனது. இதை மாட்டிக்கிட்டு எந்தக் கோயிலுக்குப் போயி நிப்பேன் சொல்லு. ஆடி வருது. வாலிகண்டபுரத்துக் கோயில் கமிட்டிப் பயலுவ பாத்தா போதும், காது கேக்காதவனுக்கு மைக் செட்டு கேக்குதான்னு ஆர்டர வேற ஆளுக்குக் குடுத்துருவானுவ. இந்தத் தொழில வுட்டா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

"நாங்க யாரும் சொல்ல மாட்டம்ண்ணே."

"அது தெரியும். பாட்டு ஓடுச்சான்னு கேட்டேன்."

ஓடியது என்று ஒப்புக்கொண்டேன். இன்னொரு பாட்டு இருக்கிறது, முடிவு எனக்கும் தெரியாது என்றேன். அவர் மெஷினைக் காதில் செருகிக்கொண்டு, "போடு" என்றார். என் போனில் போட்டு அவர் காதருகே பிடித்தேன். நெற்றியைச் சுருக்கிக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

"பக்கத்துல மூட்ட போடுறது கேக்குது. ஃபேன் சத்தம் கேக்குது. அவன் கொரல் மட்டும் கேக்கல." போனை என் பக்கம் தள்ளினார். "நீ கேட்டுச் சொல்லு. நீதான் யாருக்காகவும் எதையும் கூட்டிக் கொறச்சு சொல்ல மாட்ட."

போனைக் காதில் அழுத்திக்கொண்டு முழுவதையும் கேட்டேன். கதையில் கிழவர் தனியே நடக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் செத்துவிட்டார்கள். பாட்டின் கடைசியில், முதலில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு ஓர் ஓசை. அது மெல்ல நெருங்கிக் கூழாங்கற்களை உருட்டுகிறது. பாடகரின் குரல் அதற்குள் முழுகிப்போகிறது. இவ்வளவு அழகாக முடிப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அண்ணன் அந்த நேரமெல்லாம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடல் வந்துச்சா?"

"வந்துச்சுண்ணே."

அவர் பார்வை மாறவில்லை. எடைமேடையில் நின்று நான் டிரைவர்களைப் பார்க்கும் பார்வை அது.

"முடிஞ்சிருச்சுன்னியே, அந்த மாதிரியா?"

"இல்லண்ணே, நெசமா வந்துச்சு. கல்லுல அல மோதுற சத்தம் நல்லா கேட்டுச்சு."

அண்ணன் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்து மூடினார். "சரி, கெளம்பு. அரியலூர் பஸ் போயிரும்" என்றார்.

கடல் வந்தது. அவர் நம்பவில்லை.