நமுனுகுல உறைபனியும் இருபத்து மூன்று உருளைக்கிழங்குப் பாத்திகளும்

கனடாவில் இருக்கும் என் சித்தப்பா மகன், குளிர்காலம் வந்தால் போதும், வீடியோ அனுப்பத் தொடங்கிவிடுவான். காலில் இரண்டு நீளப் பலகை, கையில் இரண்டு குச்சி, கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. காட்டுக்குள்ளே மணிக்கணக்காகச் சறுக்கிக்கொண்டே போகிறான். இந்த ஜனவரியில் அனுப்பியபோது, பதுளையில் இதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறாய் என்று ஒரு வரியும் சேர்த்திருந்தான். எனக்குச் சுருக்கென்றது. கடைத்தெருவில் எங்கள் இரும்புச் சாமான் கடையில் உட்கார்ந்தே நாற்பத்தாறு வயதை ஓட்டிவிட்டவள் நான். அதற்காக நம் மலையை ஒருத்தன் மட்டம் தட்டினால் விட்டுவிட முடியுமா?

நம்முடையது வானத்திலிருந்து விழும் பனி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழையும் மேகமும் காற்றும் இல்லாத இரவுகளில், புல்லிலும் இலையிலும் படியும் உறைபனி. நுவரெலியாவில் அதைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. பதுளைக்கு மேலே எங்கள் நமுனுகுல மலைப் பக்கம் அது அபூர்வம். ஜனவரி கடைசியில் இரண்டு மூன்று காலை வந்தால் உண்டு, எட்டியே பார்க்காத வருஷமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை, கடைக்கு ஆணி வாங்க வந்த ஆட்டோக்காரர் யோகநாதன் அண்ணன்தான் செய்தி சொன்னார். ஸ்பிரிங்வெளிக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் கடைசி டிவிசனில் அவருடைய தங்கை பார்வதி இருக்கிறாள். அங்கே இரண்டு நாளாக வெள்ளை வெளேரென்று கிடக்கிறதாம். "இன்னைக்கும் வானம் சுத்தமா இருக்கு. நாளைக்கும் கொட்டும் போலங்க" என்றார். அப்போதே பேசி முடித்தோம். போகவர, காத்திருப்புக்கும் சேர்த்து, நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய். டவுனிலிருந்து ஒரு அக்கா பனி பார்க்க வருகிறார் என்று தங்கைக்கும் போனில் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலை நாலு மணிக்குப் பதுளையை விட்டோம். ஆட்டோ மீட்டரின்படி மொத்தம் பதினேழு கிலோமீட்டர். முதல் ஒன்பது கிலோமீட்டர் நல்ல தார்ப் பாதை. அதன்பிறகு பாதை என்று சொன்னால் பாதை கோபித்துக்கொள்ளும். கடைசி மூன்று கிலோமீட்டருக்கு நாற்பது நிமிஷம் பிடித்தது. இரண்டு இடத்தில் நான் இறங்கி நடந்தேன். ஸ்வெட்டருக்கு மேலே என் கணவரின் மழைக்கோட்டையும் போட்டிருந்தேன், அப்படியும் பல் தந்தியடித்தது.

ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து பார்வதியின் காய்கறித் தோட்டத்துக்குப் புல்சரிவின் குறுக்கே நானூறு மீட்டர் நடக்க வேண்டும். புல் முழுக்கப் பனி. யோகநாதன் அண்ணன் என் சப்பாத்தின் மேல் சாக்குத் துண்டைச் சுற்றிக் கட்டி, கையில் ஒரு கம்பையும் கொடுத்தார். இங்கே எல்லோரும் இப்படித்தான் பனியில் நடப்பார்களாம், சாக்கு இருந்தால் கால் வழுக்காது. பாதித் தூரத்தில் இடது காலின் சாக்கு அவிழ்ந்தது. நான் உட்கார்ந்தபடியே பத்தடி சறுக்கிப் போய் ஒரு மண்மேட்டில் நின்றேன். பனிச்சறுக்கு விளையாட்டில் என் வாழ்நாள் சாதனை அதுதான்.

எழுந்து நிமிர்ந்தபோது விடியத் தொடங்கியிருந்தது. கீழே பள்ளமெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு புல்லின் ஓரத்திலும் சீனி ஒட்டியதுபோல் பனி. தேயிலைச் செடிகளின் தலை நரைத்திருந்தது. கடையிலிருந்து எடுத்துப்போன வெப்பமானியைத் தரையில் வைத்தேன், பூச்சியத்துக்கு ஒரு பாகை கீழே காட்டியது. சத்தமே இல்லை. இத்தனை வருஷமாகக் கடை வாசலில் நின்று தினமும் பார்த்த மலை இது, இதன் மடியில் இப்படியொரு அழகு இருப்பது தெரியாமலே இருந்துவிட்டேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஐந்தே முக்காலுக்குப் பார்வதியிடம் போய்ச் சேர்ந்தோம். முப்பத்தைந்து வயதிருக்கும், தலையில் துவாய், கையில் பூவாளி. சரிவில் படிப்படியாக இருபத்து மூன்று பாத்தி, எல்லாம் உருளைக்கிழங்கு. ஐந்து பாத்திக்குத் தண்ணீர் தெளித்து முடித்திருந்தாள். என்னைக் கண்டதும் பூவாளியை வைத்துவிட்டு, முதலில் தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்று லயத்தில் இருக்கும் தன் வரிசை வீட்டுக்குக் கூட்டிப்போனாள். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணி, ரொட்டி, கட்டச் சம்பல். குளிருக்கு அமிர்தம். நான் ஆற அமரச் சாப்பிட்டேன். திரும்பி வர அரை மணித்தியாலத்துக்கு மேலாகிவிட்டது.

"மேல் பாத்திய ஒங்களுக்காகக் கழுவாம வச்சிருக்கேங்க. நல்லாப் படம் எடுங்க" என்றாள். எனக்கு ஒரே சந்தோஷம். யோகநாதன் அண்ணன் ஆட்டோவைத் திருப்பி நிறுத்தப் போய்விட, நான் மேல் பாத்திக்கு ஏறினேன். பார்வதி விட்ட இடத்திலிருந்து தெளித்துக்கொண்டே கீழே இறங்கினாள். பக்கத்தில் ஓடும் தண்ணீரை ஒரு பீப்பாயில் பிடித்து வைத்திருந்தாள். அதிலிருந்து மொண்டு, இலைக்கு வலிக்காத மாதிரி, மேலும் கீழும் நனையும்படி தெளிக்கும் அந்தக் கைப்பழக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நான் நிறையப் பார்த்தேன். எதற்காகத் தெளிக்கிறாள் என்று மட்டும் கேட்கவில்லை.

ஏழு ஐந்துக்கு மலை முகட்டைத் தாண்டி முதல் வெயில் மேல் பாத்தியில் விழுந்தது. ஒவ்வொரு இலையிலும் ஆயிரம் கல் பதித்தாற்போல் மின்னியது. போனில் படமாக எடுத்துத் தள்ளினேன்.

அப்போதுதான் யோகநாதன் அண்ணன் திரும்பி வந்தார். மேலே பார்த்தவர் முகம் மாறிவிட்டது. வெயில் படும் முன்னே பனியைக் கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் மத்தியானத்துக்குள் இலை வெந்துபோகும் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வருஷம் ஒரே காலையில் தோட்டம் முழுக்கப் போயிற்றாம். இந்த முறை பார்வதியின் கணவர் கொழும்பில் கட்டட வேலையில், அவள் தனி ஆள். மழை தொடங்கும் முன்னே ஒழுகும் லயக் கூரைக்குப் புதுத் தகரம் போடுவது இந்தக் கிழங்கை நம்பித்தான். எப்போதும் வெயில் முதலில் விழும் மேல் பாத்தியிலிருந்துதான் கழுவத் தொடங்குவாளாம்.

கீழே பார்த்தேன். இன்னும் எட்டுப் பாத்தி வெள்ளையாகக் கிடந்தது. வெயில் ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. நான் குடித்த தேத்தண்ணி அந்த எட்டுப் பாத்தி என்பது அப்போதுதான் உறைத்தது. போனைக் கோட்டுப் பையில் போட்டுவிட்டு வாளியைத் தூக்கினேன். யோகநாதன் அண்ணன் ஓட்டை போட்ட தகர டின் ஒன்றை எடுத்தார். நான் சுமந்து கொடுக்க, அவர்கள் இரண்டு பேரும் தெளித்தார்கள். விரல் மரத்துப் போனது, இரண்டு முறை விழுந்தேன். அடியில் இருந்த இருபத்து மூன்றாவது பாத்தி நனைந்து முடிந்தபோது வெயில் இன்னும் இரண்டு பாத்தி தள்ளி மேலே நின்றது.

உடனே ஏறிப்போய் மேல் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றினேன். பார்வதியிடம் மன்னிப்புக் கேட்டேன், ஏன் முன்னமே சொல்லவில்லை என்றும் கேட்டேன். "இவ்ளோ தூரம் வந்தவங்களத் தேத்தண்ணி குடுக்காம நிக்க வைக்கச் சொல்றீங்களா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

போக நினைப்பவர்களுக்கு: முந்தைய இரவு மேகம் இருந்தால் புறப்படாதீர்கள். பஸ்ஸை நம்பினால் பனி கரைந்த பிறகுதான் போய்ச் சேர்வீர்கள், ஆட்டோதான் வழி. ஐந்தரைக்குள் மேலே இருங்கள். கையுறை, மாற்றுக் காலுறை, காலில் கட்டச் சாக்கு அவசியம். யார் வீட்டுக்குப் போனாலும், வேலை முடிந்த பிறகுதான் தேத்தண்ணி என்று முந்தின நாளே போனில் கறாராகச் சொல்லிவிடுங்கள். அங்கே போன பிறகு சொன்னால் கேட்கமாட்டார்கள். பாத்தி ஏதாவது வெள்ளையாகக் கிடந்தால் வாளி எங்கே என்று கேளுங்கள்.

ஒரு வாரம் கழித்துப் பார்வதிக்குப் போன் எடுத்தேன். இருபத்து இரண்டும் பச்சைப்பசேல் என்று நிற்பதாகச் சொன்னாள். மேல் பாத்தியைப் பற்றி அவளாகச் சொல்லவில்லை. நானே கேட்டேன்.

"அது கருகிருச்சுங்க" என்றாள். பிறகு, "படம் நல்லா விழுந்துச்சாங்க?" என்று கேட்டாள்.

நல்லா விழுந்திருக்கு என்றேன். உண்மைதான், நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது. இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.