புளி போட்டுத் தேய்த்த அமெரிக்கக் காசு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆடி மாதக் கடைசியில் கீழக்கரையில் நடந்தது இது. அன்றைக்கு நான் அடித்த கூத்தை என் வீட்டுக்காரர் இன்றுவரை சொந்தக்காரர்களிடம் சொல்லிச் சிரிக்கிறார். அவர் சொல்வதில் பாதி கூட்டிச் சொல்வது. அதனால் நானே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் சிக்கல், வாக்கப்பட்டது ராமநாதபுரம். அமெரிக்காவில் இருக்கும் என் தம்பி ஒருமுறை ஒரு பை நிறையப் பழைய செம்புக் காசுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். பென்னி என்பார்கள். ஒரு பக்கம் தாடி வைத்த ஜனாதிபதி, மறுபக்கம் இரண்டு கோதுமைக் கதிர். எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்த எனக்கு, வருஷத்துக்குக் கீழே இருக்கும் குட்டி எழுத்து எந்த ஊரில் அடித்த காசு என்று சொல்லும் என்பது தெரிந்ததும் பைத்தியம் பிடித்துவிட்டது. பூதக்கண்ணாடி வாங்கினேன். செல்போனில் தேடித் தேடிப் படித்தேன். ஒரு வருஷத்தில் அரைகுறையாகத் தேறினேன். அரைகுறை என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு என் மேல் ரொம்ப மரியாதை.

எனக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் பெண் கீழக்கரைக்காரி. அவள் கணவர் பதினோரு வருஷமாக வளைகுடாவில் ஏசி மெக்கானிக். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போய்விடுவார். நான் துணி வாங்கப் போன அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் ஊரில் இருந்தார். அடுத்த திங்கட்கிழமை திரும்பிப் போக டிக்கெட் போட்டிருந்தது. அவருடைய ஆறு வயது மகள் அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் கூடவே நடந்தாள்.

பேச்சுவாக்கில் என் காசுப் பைத்தியத்தைச் சொன்னேன். உடனே அவள் உள்ளே போய், கப்பலில் சமையல் வேலை பார்த்த தன் வாப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு காசை எடுத்து வந்தாள். கறுத்துப்போன பென்னி. வருஷம் 1943.

வெடுக்கென்று வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். காரணம் இருக்கிறது. அது உலகப்போர் நடந்த நேரம். செம்பு ஆயுதங்களுக்குத் தேவைப்பட்டதால் அந்த வருஷம் பென்னியை இரும்பில்தான் அடித்தார்கள். தவறிப்போய்ச் சில காசுகள் மட்டும் செம்பில் விழுந்துவிட்டன. அது கிடைத்தால் விலை லட்சக்கணக்கில். இரும்புக் காசுக்குச் செம்பு முலாம் பூசி ஏமாற்றுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தையல் பெட்டியில் ஊசி பொறுக்கும் காந்தம் இருந்தது. வைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. அசல் செம்பு!

"கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுறேன், இது லட்சத்துல போகும். ஞாயித்துக்கிழமை வந்து போட்டோ எடுத்து, தெரிஞ்சவுகளுக்கு அனுப்புறேன்" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவள் காசைப் பார்க்கவே இல்லை. கணவரைப் பார்த்தாள். "அப்படின்னா மச்சான், நீங்க போக வேண்டாம்ல?" என்றாள். அவர் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஞாயிறு காலை பூதக்கண்ணாடியும் கையுமாகப் போனேன். அவள் சிரித்த முகமாக ஒரு வெள்ளைத் துணியை விரித்துக் காட்டினாள். காசு புதுச் சொம்பு மாதிரி பளபளவென்று கிடந்தது.

"என்னடி பண்ணுன?" என்று கத்தியேவிட்டேன்.

"புளி போட்டுத் தேச்சேங்க்கா. பெரிய மனுசங்க பாக்கப்போற பொருளு, கறுத்துக் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

விருந்தாளி வருவதற்கு முன்னால் செம்பு, பித்தளை எல்லாவற்றையும் புளி போட்டு விளக்கி வைப்பது எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கைவந்த பழக்கம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஆனால் பழைய காசைத் தேய்த்தால் அதன் மதிப்பு பாதிக்கு மேல் போய்விடும். அதைச் செவ்வாய்க்கிழமையே சொல்லாதது என் தப்பு. தலையில் அடித்துக்கொண்டு பூதக்கண்ணாடியைக் காசின் மேல் வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் அது தெரிந்தது. கறுப்பு போன இடத்தில், 3 என்ற எண்ணின் இடப்பக்கம் மெல்லிய அரம் போட்ட கீறல்கள். அசல் 1943-இல் அந்த 3-இன் வால் கீழே நீளமாக இறங்கும். இதில் வாலே இல்லை. இது 1948. யாரோ எட்டை இடப்பக்கம் அரைத்து மூன்றாக்கி, அவளுடைய வாப்பா தலையில் கட்டியிருக்கிறார்கள். இந்தப் பித்தலாட்டத்தைப் பற்றியும் நான் படித்திருந்தேன். ஆசை வந்தபோது படித்தது மறந்துவிட்டது. புளி மட்டும் இல்லையென்றால் இன்னும் எத்தனை பேரிடம் போய்ப் பெருமை அடித்திருப்பேனோ!

"டிக்கெட்டு..." என்று இழுத்தேன்.

"நேத்தே கேன்சல் பண்ணியாச்சுக்கா. அங்கன முதலாளிக்கும் வரலன்னு சொல்லியாச்சு" என்றார் அவர்.

போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டு, உண்மையைப் பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்தக் குழந்தை எதிரில் நின்றது. சொல்லிவிட்டேன். "நான் தப்பாச் சொல்லிட்டேன். இது பத்து இருவது ரூவாகூடப் போகாது. என்னைய நம்பி இப்படிப் பண்ணிட்டீகளே" என்று அழுதேவிட்டேன்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் காசை வாங்கி, என் கண்ணாடியால் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்துபோனேன்.

சிரிப்பு அடங்கியதும் விஷயத்தைச் சொன்னார். ராமநாதபுரத்தில் ஒரு ஏசி கடை. கூட்டுச் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்க ஒவ்வொரு விடுமுறையிலும் அந்த வாசல் வரை போவாராம். முதல் போடு என்பார்களே என்று பயந்து திரும்பிவிடுவாராம். சனிக்கிழமை, வீட்டில் லட்சம் இருக்கிறது என்ற தைரியத்தில் உள்ளேயே போய்விட்டார்.

"கடைக்காரரு முதலே கேக்கலக்கா. மூணு பேரு பாத்துக் கைவிட்ட மெசினக் காட்டி, இதச் சரி பண்ணுவியான்னாரு. அர மணிநேரத்துல ஓட விட்டேன். திங்கக்கெழமை வந்துருன்னாரு. காசு பொய்யின்னு நீங்க போன செவ்வாக்கெழமையே சொல்லியிருந்தா, நாளைக்கு நான் ஏரோப்ளேன் ஏறியிருப்பேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அல்லாஹ் போதுமானவன். வாங்கக்கா, மீன் ஆணம் ஆறுது" என்று எழுந்தாள். அவர்கள் வாழ்க்கையோடு விளையாடிவிட்டு நின்ற என்னை உட்காரவைத்து, அந்த மீன் குழம்போடு சோறு போட்டு, தொதல் என்ற கீழக்கரை இனிப்பும் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

இப்போதெல்லாம் யார் காசைக் காட்டினாலும் மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். ஆனாலும் பைக்கில் ஏசி கேஸ் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, இப்போது எங்கள் ஊரில் படிக்கும் மகளைப் பள்ளிக்கூடச் சீருடையில் முன்னால் உட்காரவைத்து அவர் போவதைப் பார்க்கும் காலைகளில் எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வருகின்றன. எது அதிகம் என்று கேட்டால், சந்தோஷம்தான்.