மிமிக்ரி வரிசையில் ஒரு மவுத் ஆர்கன்

தாம்பரத்தை அடுத்த ஒரு கல்லூரி விழாவில், என் பெயரை மிமிக்ரிப் போட்டியில் எழுதி வைத்திருந்தார்கள். நான் கொண்டுபோனது மவுத் ஆர்கன். அதை வாசித்துக்கொண்டே வாயாலேயே டிரம்ஸும் அடிப்பேன். மூச்சை உள்ளே இழுக்கும்போது சுரம், வெளியே விடும்போது அடி. ஆப்பிரிக்க டிரம் சிடி ஒன்றைத் தேயத் தேயக் கேட்டு, அந்தத் தாளத்தை ஆறு மாதம் பழகியிருந்தேன்.

"இது மிமிக்ரி இல்லைங்க, மியூசிக்" என்றேன்.

பெயர் எழுதிய மாணவன் நிமிரவே இல்லை. "வாயால பண்றதெல்லாம் மிமிக்ரிதான் பாஸ்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் போயிருக்கலாம்; போகவில்லை. எனக்கு முன்னால் போனவன் நாய் மாதிரி குரைத்து, கைதட்டல் வாங்கி இறங்கினான். நான் ஏறியதும் பின்வரிசையில், "தலைவர் வாய்ஸ் பண்ணு!" என்று கத்தினார்கள். உதடு உலர்ந்துவிட்டது. உலர்ந்த உதட்டில் மவுத் ஆர்கன் வழுக்காது, ஒட்டிக்கொண்டு இழுக்கும். நாக்கால் நனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். நிறுத்தினால் கூச்சல் புகுந்துவிடும் என்று பயந்து, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். அரங்கம் அடங்கியது. பிறகு எல்லோரும் என் தாளத்துக்கே கைதட்டத் தொடங்கினார்கள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதல் பரிசு எனக்குத்தான். நடுவர் மைக்கில் சொன்னார்: "பல்லாவரம் தாண்டி எலெக்ட்ரிக் டிரெயின் ஸ்பீடு எடுக்குமே, அப்படியே இருந்துச்சு தம்பி."

நான் வாசித்ததில் ரயிலே கிடையாது. ஆனால் அந்த நேரத்தில் "தேங்க்ஸ் சார்" என்றுதான் வாயில் வந்தது.